ஒரு தடவை இருமு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. வழக்கமாக இந்த இடத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று வரும். முப்பத்துநான்கு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி. இந்த முறை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்தச் சொல்லால் பட்டது போதும்.

நீ என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள். உன் கோபம் நியாயம்தான். எப்படி நடந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து சர்வாதிகார ஆட்சிக் கதைகளாகவே எடுத்துப் படிக்கிறேன். நூலகரே அந்த அலமாரிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டார். “வீட்லயே நான் இருக்கேன், இவர் எதுக்கு அவ்வளவு தூரம் போறார்” என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதும் காதில் விழுந்தது. அந்தக் கதைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. உதாரணத்துக்கு, அன்றைக்குப் படித்ததில் சிறையிலிருக்கும் கணவன் ‘நலம். சாப்பாடு நன்று’ என்று எழுதுகிறான். படித்ததுமே அவனுக்குப் பல் போய்விட்டது என்று மனைவி புரிந்துகொள்கிறாள். புத்தகத்தை மூடி வைக்கிறேன், போனில் உன் செய்தி: ‘நலம்.’ முற்றுப்புள்ளியோடு. நான் பன்னிரண்டு வருடம் மன்றாடியும் முற்றுப்புள்ளி வைக்காத பிள்ளை நீ.

அப்புறம் என்ன, முட்டிவலியோடு மூன்று மணி நேரம் பஸ். உங்கள் மருந்துக் கிடங்கு வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் ‘சொல்ல இயலாது’ என்று எழுதினேன். அதில்தான் வினையே ஆரம்பம். அவர் மேலாளரைக் கூப்பிட, மேலாளர் உன்னைக் கூப்பிட, நீ தலையில தொப்பியும் கையில பட்டியலுமா வந்து நிக்கிறே, மேலாளர் பக்கத்துலயே நிக்கிறார், நான் என்ன பண்ணுவேன், கதையில வர்ற மாதிரியே உன் காதுகிட்ட வந்து, “ஏதாவது கஷ்டம்னா ஒரு தடவை இருமு” என்றேன். நீ இருமினாய். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகள் கூட வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டேன். பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“அது தூசிப்பா. கிளம்புங்க” என்றாய்.

கிடங்கு என்றால் தூசி இருக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. எல்லாவற்றிலும் இரண்டாவது அர்த்தம் தேடித் தேடிக் களைத்துப்போனேன். இன்று காலை நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி நீ நலம் என்றால் நலம்தான்.

வேளைக்குச் சாப்பிடு. தூசிக்கு மூக்கைக் கட்டிக்கொள். எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு. அதற்கு மட்டும் இரண்டாவது அர்த்தம் கிடையாது.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதை இரண்டு நாள் காப்பாற்றியிருக்கிறாள். அவளுக்கு அது பெரிய சாதனை, கோபித்துக்கொள்ளாதே. காலாவதியான மருந்தில் புதுத் தேதி ஒட்ட மாட்டேன் என்றாயாம். ஒரு மாதத்துக்கு மேலாக அங்கே யாரும் உன்னோடு பேசுவதில்லையாம். “அப்பா கேட்டப்போ நான் வேணும்னேதான் இருமினேம்மா” என்றாயாம்.

மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடு. அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். தபாலில் போட்டால் யாராவது பிரித்துப் படிப்பார்கள், அதனால் இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். காரணக் கட்டத்தில் இந்த முறை ‘மகள்’ என்று மட்டும் எழுதுவேன். கூட வருவதும் வராததும் உன் இஷ்டம். வருவதென்றால், ஒரு தடவை இருமு.