ஐந்து முட்டையும் ஒரு தேங்காய் பன்னும்

இந்த வீட்டில் இனிமேல் நான் நினைத்ததுதான் நடக்கும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் குளியலறை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் மனைவி பங்காரம்மா தருகிற டீ, டம்ளர் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். அதனால் சாயங்காலம் மோட்டார் கம்பெனியிலிருந்து வந்ததும், காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவேன். சரவணம்பட்டி முக்கில் ஒரு பேக்கரி. ஒரு தேங்காய் பன், ஒரு ஸ்ட்ராங் டீ. அந்தப் பன்னுக்காகத்தான் உயிரோடு இருந்தேன். பாதி தின்பதற்குள் முதுகுக்குப் பின்னால் "ஏனுங்க" என்று குரல் கேட்கும். பங்காரம்மா நிற்பாள். மீதிப் பன் பேக்கரி நாய்க்குப் போகும். நாய் பெருத்துவிட்டது. நான் இளைத்துவிட்டேன்.

வழி காட்டியவர் உக்கடத்தில் முட்டைக்கடை வைத்திருக்கும் அப்துல் நாசர் பாய். அவர் கடையில் கூஸ் என்கிற பெரிய வாத்தின் முட்டை வந்திருந்தது. பொரித்து வரும் குஞ்சு முதலில் எந்த முகத்தைப் பார்க்கிறதோ அதையே தாய் என்று பிடித்துக்கொள்ளுமாம். தாய் கண்ணைவிட்டு மறைந்தால் கத்தி ஊரைக் கூட்டுமாம்.

எனக்குப் புல்லரித்தது. பங்காரம்மாவுக்குப் பிள்ளைகளாகிவிட்டால் குஞ்சுகள் அவளை வாசல் தாண்ட விடாது. நான் முழுப் பன் தின்னலாம். ஐந்து முட்டை வாங்கினேன்.

"எதுக்குங்க இது?" என்றாள்.

"நம்ம தோப்புல தேங்கா திருட்டுப் போகுதில்ல அம்மணி? இது புல்லத் தின்னுபோட்டு, திருடனக் கண்டா கத்தும்."

"நல்லாக் கத்துமுங்களா?"

"ஊரே கூடிரும்."

"செரிங்க, வெச்சுருவோம்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சமையலறை மூலையில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். காலையிலும் மாலையிலும் முட்டைகளைத் திருப்பி வைப்பேன். கரண்ட் போனால் ஊட்டிக்கென்று வாங்கிய என் ஸ்வெட்டரைப் பெட்டிக்குப் போர்த்துவேன். என் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.

முட்டை பொரிக்க ஒரு வாரம் இருக்கும்போது பங்காரம்மா தன் கண்ணாடி உடைந்துபோய்விட்டது என்றாள். எனக்கு உள்ளூரக் குஷி. கண்ணாடி இல்லாவிட்டால் என் மீசையில் ஒட்டியிருக்கும் தேங்காய்ப்பூ அவளுக்குத் தெரியாது. புதுசு அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஆனால் தொடர்கதை படிக்காமல் அவளால் இருக்க முடியாது. அவள் சமைக்க, நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாப் படிங்க. குக்கர் சத்தத்துல கேக்கறதில்லீங்க."

படித்தேன். கதாநாயகி அழுதால் நானும் அழுதேன். வில்லன் சிரித்தால் நானும் சிரித்தேன். பெட்டிக்குள் முட்டைகள் லேசாக ஆடின. கதை அவ்வளவு விறுவிறுப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிக்குள் ஓடுகள் உடையும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டுவிட்டு, கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் மூடியைத் திறந்து, குனிந்து, ஒவ்வொரு குஞ்சுக்கும் முகம் காட்டினாள். நாசர் பாய் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சந்தோஷம் தாங்காமல் கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டேன்.

"வந்துருச்சுகளா அம்மணி?"

ஐந்து தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. மெல்லக் காய்ந்து எழுந்ததும், தள்ளாடித் தள்ளாடி ஐந்தும் என் காலடிக்கு வந்து சேர்ந்தன.

பச்சைக் குழந்தைகள், போகப் போகச் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சரியாகவில்லை. குளிக்கப் போனால் வாசலில் ஐந்தும் காத்திருக்கும். கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் அவற்றைக் கூடைக்குள் போட்டு மூட வேண்டும். குஞ்சுகளுக்குக் கழுத்து நீண்டது, தொண்டையும் திறந்தது. நான் பன் முகம் பார்த்து வெகுநாளாயிற்று.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினேன். பேக்கரியில் பன்னை வாங்கி ஒரு கடி கடித்தேன். வெளியே சத்தம் கேட்டது. வீட்டுக் கேட் கம்பிக்குள் நுழைந்து ஐந்து குஞ்சுகளும் என் பின்னாலேயே வந்திருக்கின்றன. பேக்கரிக்காரர் உள்ளே விடவில்லை. படியில் வரிசையாக நின்று, கழுத்தை நீட்டி, என்னையே பார்த்துக் கத்தின. கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

சத்தம் வந்த வழியே நிதானமாக வந்து சேர்ந்தாள் பங்காரம்மா.

"நீங்க சொன்னது செரிதானுங்க. திருடனக் கண்டா நல்லாவே கத்துதுக."

"மொதல்ல உன்ற மூஞ்சியத்தானே பாத்துதுக?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாய் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்காருங்க. மீதிய நான் போய்க் கேட்டனுங்க. முட்டைக்குள்ள இருக்கறப்பவே காது கேக்குமாமுங்க. எந்தக் கொரலக் கேட்டுப் பழகுதோ, அதும் பின்னாலதான் போகுமாமுங்க."

என் கையிலிருந்த பன்னை வாங்கி நாய்க்குப் போட்டாள். பெஞ்சில் கிடந்த வாரப் பத்திரிகையை எடுத்தாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதே பழைய கண்ணாடிதான், ஒரு கீறல்கூட இல்லை.

"தொடர்கதைய இனி நானே படிச்சுக்கறனுங்க. நீங்க முன்னால நடங்க, அப்பத்தான் இதுக ஊட்டுக்கு வரும்."