மெலிஞ்சதா, கொழுத்ததா?

வில்பர்ட் வாசெக் தன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு தன் சட்டையையே முகர்ந்து பார்த்தார். காலர் முதல் கடைசிப் பித்தான் வரை ஓக் விறகுப் புகை.

போன வாரம் டாக்டரம்மா, "ரத்தத்துல கொழுப்பு" என்றார். "வாயிலயும் உண்டு" என்றாள் அவர் மனைவி லிடியா. அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மெலிந்த கறி மட்டும் தின்னலாம். கொழுத்த துண்டு ஒன்று உள்ளே போனாலும், கொல்லையில் சக்கரத்தின் மேல் நிற்கிற கறியைப் புகையில் வேகவைக்க அவர் வைத்திருக்கும் இரும்புப் புகையடுப்பு அவள் தம்பி ரூடிக்கு.

ரூடிக்கு! மூடியைத் திறந்து திறந்து பார்த்து, சூட்டையெல்லாம் வெளியே விட்டே மாட்டு நெஞ்சுக்கறியைப் பாழாக்குகிற பாவிக்கு!

இன்று மனிதர் மெலிந்தது வாங்கத்தான், ஓக் விறகுப் புகையில் கறி வேகவைத்து விற்கும் கடைக்குப் போனார். கத்தியோடு நின்றவன், "மெலிஞ்சதா, கொழுத்ததா?" என்றான். மூளை ஒன்று நினைத்தது, வாய் வேறொன்று சொல்லிவிட்டது; அங்கேயே தின்றும் முடித்துவிட்டது.

இனி ஒரே வழிதான். புகையைப் புகையால் மறைப்பது. வேலியோரம் கிடந்த சீமைக்கருவேல விறகை அடுப்பில் திணித்துக் கொளுத்தினார். குப்பென்று எழும்பிய புகையில் கண்ணீர் வழிய நின்றார்.

"என்னங்க, அடுப்பு எதுக்கு?"

லிடியா!

"சும்மாதான்... துருப்பிடிச்சிடக் கூடாதுல்ல."

அவள் கிட்டே வந்து அவர் தோளில் மூக்கை வைத்தாள். "அடுப்புல கருவேலம். சட்டையில ஓக்கு. கடைக்குப் போனீங்களா?"

"போனேன். ஆனா மெலிஞ்சதுதான்! நாளெல்லாம் மெதுவா வெந்த கறி, லிடியா. அவ்வளவும் புரதம். இரும்புச்சத்து வேற..."

"இரும்புச்சத்து வேணும்னா அடுப்பை நக்க வேண்டியதுதானே?"

"சத்தியமா மெலிஞ்சது!"

"சரி, நம்புறேன்." அவள் குரல் அளவுக்கு மீறிச் சாந்தமாக இருந்தது. "பாவம் நீங்க. அந்தக் கடைக் கறி செருப்புத் தோலாட்டம் இருக்கும்னு ரூடி சொன்னான். பல்லு வலிக்குதா?"

வில்பர்ட்டுக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது.

"தோலா? எவன் சொன்னான்? தொட்டாலே நடுங்குதுடி! பல்லே வேண்டாம். வெண்ணெயா உருகி முழங்கை வரைக்கும் வழியுது!"

"மெலிஞ்ச கறியா வழியுது?"

வில்பர்ட் அவசரமாக முழங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். லிடியா போனை எடுத்தாள்.

"ரூடி, வண்டியை எடுத்துக்கிட்டு வா. வர்ற வழியில கறியும் வாங்கிக்கோ. அடுப்பை உன் மச்சானே மூட்டி வச்சிட்டார்."