ஒரே ஒரு டச்

படம் வரைகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வரைந்ததைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. இந்த இரு கூட்டத்தாராலும் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. இவர்களுக்கு நடுவில், கையில் தூரிகையோடு அடுத்தவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விடுகிறாரே, அவரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன். டச்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். "எல்லாம் பிரமாதம். இங்க மட்டும் ஒரே ஒரு டச் குடுத்தா எங்கியோ போயிடும்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கொடுத்தும் விட்டிருப்பார்.

புதுச்சேரியில் இந்த இனத்துக்கு மிசியே ஷார்லை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா. மாதம் தவறாத பென்ஷன், முதலியார்பேட்டையில் மாடி வீடு, பிரான்சில் துலூஸ் நகரத்தில் கட்டிக்கொடுத்த மகள், தாராளமாக நேரம். "சும்மா வீட்ல ஒக்காந்துக்கினு எங்கொழம்புல உப்பு போடாதீங்க" என்று மனைவி கிளோதின் விரட்டியதன் பேரில், உப்பளம் பகுதியில் அரிகிருஷ்ணன் மாஸ்டர் ஞாயிறுதோறும் நடத்தும் ஓராண்டு ஓவிய வகுப்பில் சேர்ந்தார். அது 2005 ஜூன். அன்று மாலையே பிரவுசிங் சென்டருக்குப் போய் மகளுக்கு மெயில் தட்டினார்: வருடக் கடைசியில் கண்காட்சி, அதில் அப்பாவின் படம் மாட்டப்படும், உன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவை.

பென்சில் நிழல், வாட்டர்கலர், ஆயில், கத்தியால் வண்ணத்தை அப்புவது, கரித்துண்டு என்று மாஸ்டர் புதுப்புது முறைகளாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போனார். ஷார்ல் எதிலும் பின்தங்கியவர் அல்லர். முதல் அரைமணியில் புரிந்துகொள்வார், மீதி வகுப்பு முழுவதும் மற்றவர்களுக்குப் புரியவைப்பார். கூடப் படிக்கும் செல்வாம்பாள் டீச்சரின் செம்பருத்திக்கு நிழல் போதவில்லை, ஒரு டச். சாமிக்கண்ணுவின் மாதாகோயில் கோபுரம் இடப்பக்கம் சாய்கிறது, நிமிர்த்த ஒரு டச். நிமிர்ந்த கோபுரம் வலப்பக்கம் சாய, அதற்கு இன்னொன்று. யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை. துலூஸ் சாக்லெட்டை ஆளுக்கு இரண்டாக நீட்டிவிட்டுத்தான் மனிதர் தூரிகையை நீட்டுவார்.

அவருடைய சொந்தப் பலகையில் என்ன இருந்தது? கடலையும் வானத்தையும் பிரிக்க ஒரு கோடு. ஜூனில் போட்டது. மறுவருடம் மே வந்தும் அந்தக் கோட்டுக்குத் துணை வரவில்லை. எப்படி வரும்? படம் இருந்தால்தானே பிழை இருக்கும், பிழை இருந்தால்தானே அவருக்குக் கை வரும்?

கண்காட்சிக்கு முந்தைய கடைசி வகுப்பு. பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் ஏறி வரும் ஜோவிதா, ஜவுளிக்கடையில் பில் போடும் பெண், தங்கள் ஊர்ப் படகுகளை வாட்டர்கலரில் வரைந்திருந்தாள். எத்தனையோ தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு அன்றுதான் வானம் அவள் நினைத்தபடி இறங்கியிருந்தது. தூரிகை கழுவத் தண்ணீர் மாற்றப் போனாள். பாதி காய்ந்த வானத்தைத் தொடவே கூடாது என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அதையே ஷார்ல் வகுப்பு முழுவதற்கும் தனித்தனியாக விளக்கியும் இருந்தார்.

இருந்தாலும் அந்த மூலையில் ஒரு மேகம் குறைந்தது.

ஈரத் தூரிகை பட்டதுதான் தாமதம், வண்ணம் விலகிக் காலிஃபிளவர் மாதிரி விரிந்தது. கைக்குட்டையால் ஒற்றினார். அது இன்னும் பெரிதாகப் பூத்தது.

ஜோவிதா திரும்பி வந்து பார்த்தாள். கொண்டுவந்த தண்ணீரைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து மாஸ்டர், "எல்லாரும் ஆளுக்கு ஒரு படம் குடுத்துடுங்க, பேர் ஒட்டணும்" என்றார். ஷார்ல் தன் ஒற்றைக் கோட்டைப் பார்த்தார். மகளுக்குத் தட்டிய மெயில் ஞாபகம் வந்து முகம் வெளுத்தது.

"எனக்குக் கத்தியால போட்டது ஒண்ணு இருக்கு மிசியே. இத நீங்க உங்க பேர்ல மாட்டிக்கங்க. இனிமே என்னால இதப் பாக்க முடியாது" என்றாள் ஜோவிதா.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "மெர்சி" என்று நன்றிதான் வந்துவிட்டது.

கண்காட்சியில் படகுப் படத்தின் முன்னால்தான் கூட்டம். ஷார்ல் இஸ்திரி போட்ட சட்டையில் பக்கத்திலேயே நின்றார். மகளுக்கு அனுப்பப் புதிய கேமரா செல்போனோடு வந்த கிளோதின் நெடுநேரம் பார்த்தார்.

"படகெல்லாம் உயிரோட நிக்கிது. மேல மூலையில மட்டும் என்னா அது, ஏதோ கொட்டிப்புட்ட மாதிரி?"

"அதுவா," என்று குரலைத் தாழ்த்தினார் ஷார்ல். "கூடப் படிக்கிற பொண்ணு ஒண்ணு, கேக்காம கை வச்சிட்டா. சின்னப் பொண்ணு, என்னா சொல்றது."

ஜோவிதா இரண்டடி பின்னால்தான் நின்றிருந்தாள்.

"ஆமாம் மதாம், அது மட்டும்தான் என்னுது. மத்ததெல்லாம் மிசியே போட்டது" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

கிளோதின் அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கடைசியாகப் புருஷனைப் பார்த்தார்.

"இது எந்த ஊர்ப் படகும்மா?"

"பிள்ளைச்சாவடி மதாம். எங்க வூட்டு வாசல்லேர்ந்து பாத்தா இப்பிடித்தான் தெரியும்."

கிளோதின் படத்தை நெருங்கினார். படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை நகத்தால் உரித்தார். "வேற சீட்டு வாங்கி ஓம் பேர எழுதி ஒட்டும்மா. மகளுக்கு நான் போன் பண்ணி சொல்லிக்கிறேன்" என்றார்.

ஷார்லுக்குக் காது வரை சிவந்துவிட்டது. உண்மையிலேயே வெட்கப்பட்டார், அதில் சந்தேகம் வேண்டாம். தலை குனிந்தபடி அடுத்த படத்துக்கு நகர்ந்தார். ஒரு நிமிடம் நின்றார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"எல்லாம் பிரமாதம்," என்றார். "அந்த ஜன்னல்ல மட்டும்..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இந்த இடத்தில் இந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும் என்று உங்கள் விரல்கள் பேனாவைத் தேடின அல்லவா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியுமா? மை இன்னும் காயவில்லை. தயவுசெய்து கையை எடுங்கள்.