கழிவுநீர் வள்ளல்

அன்னதானம் செய்கிறவரை உங்களுக்குத் தெரியும், ரத்ததானம் செய்கிறவரையும் தெரியும். கழிவுநீரைத் தானம் செய்கிற இனம் ஒன்று இருக்கிறதே, அதைத் தெரியுமா? தெரியாவிட்டால் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பூபதிராஜாவைப் பாருங்கள்.

ஒரு தென்னந்தோப்பு, நாற்பது மாடு, பின்னால் பனீர் போடும் கூடம், அதற்கும் பின்னால் மானியத்தில் கட்டிய சுத்திகரிப்புத் தொட்டிகள். யார் வந்தாலும் காபிக்கு முன்னால் தொட்டியைத்தான் காட்டுவார். தொழுவம் கழுவின தண்ணீர் இதில் விழுகிறது, பனீர் பிழிந்த தண்ணீர் அதில் சேர்கிறது, இங்கே மோட்டார் வைத்துக் காற்று ஊதுகிறோம், அங்கே மணலில் வடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசித் தொட்டியில் நீந்தும் மீன்களுக்கு முன்னால் பக்தியோடு நிற்பார். விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் அந்தத் தொட்டியைக் கழுவி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வாளியில் கொண்டுவந்து விட்ட மீன்கள் அவை. மோட்டாரும் அன்றைக்குத்தான் ஓடும். கரண்டு பில் கட்டுவது யார்?

மற்ற நாட்களில் தண்ணீர் சுத்தமாகாமல், வந்தது வந்தபடியே குழாய் வழியாகப் பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாளின் வாய்க்காலுக்குப் போய்விடும். கேட்டால், "நாம மட்டும் அனுபவிச்சாப் போதுமுங்களா? நாலு பேருக்கு ஆகோணுமுங்க" என்பார். அந்த நாலு பேரில் ஒருவரான முத்தாத்தாளின் கிணறு மாசியிலேயே நாறிவிட்டது. குடிக்க லாரித் தண்ணீர் வாங்குகிறார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

போன மாதம் பஞ்சாயத்திலிருந்து ஷீனா மேடம் பார்வையிட வந்தார். மீனைப் பார்த்தார், பூரித்தார். அந்த நேரம் பார்த்து முத்தாத்தாள் வேலியோரம் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று வள்ளலுக்கு வியர்த்தது. முத்தாத்தாளோ பாராட்டினார்.

"ஏனுங் தம்பி, இம்புட்டு நல்ல தண்ணிய எனக்கே உட்டுப்போட்டு உங்க தென்னையக் காயப் போடறீங்களே, எனக்கு மனசு கேக்கலீங்க. மேடம், அந்தக் கொழாய அவரு தோப்புக்கே திருப்பச் சொல்லுங்க."

"அய்யோ, தென்னைக்கு அது ஆகாதுங்கக்கா!"

"மீனுக்கு ஆகுது, தென்னைக்கு ஆகாதுங்களா?"

"நல்ல காரியமாணு சாரே, இப்பவே திருப்பலாம்" என்ற மேடம், குழாய் தோப்புப் பக்கம் திரும்பும்வரை நகரவில்லை.

அன்று சாயங்காலம் தோட்டத்தில் ஒரு புதுச் சத்தம். மோட்டார்! விருந்தாளியே இல்லாமல் ஓடுகிறது. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து மணலை மாற்றினார். வள்ளல் இப்போது தினமும் குனிந்து தண்ணீரை மோந்து பார்க்கிறார். போவது சொந்தத் தென்னைக்கல்லவா? முத்தாத்தாளின் கிணறு தெளிய இன்னும் இரண்டு மழையாவது வேண்டும்.

நீங்கள் மாடு வளர்க்கவில்லை, பனீர் போடவில்லை, ஆகவே தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு நடை போய், உங்கள் சமையலறைத் தண்ணீர் வெளியேறுகிற குழாய் யார் வீட்டைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.