எட்டு மணி நேரத் தொட்டி

நெய்வேலி,
14-7-1964, செவ்வாய்.

தேவரீர் அப்பா அவர்களின் பாதங்களுக்கு மகன் கொளஞ்சிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அக்கா தனமும் மாமா பழனிவேலும் சுகம். நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும் முந்திரித் தோப்பும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போன கடிதத்தில், இங்குள்ள பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், நாற்பத்து மூன்று பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அதைக் காடாம்புலியூரில் யாருக்காவது படித்துக் காட்டியிருந்தால், அது வேறு கொளஞ்சிநாதன் என்று சொல்லிவிடவும்.

நடந்தது இதுதான். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு நான் அக்காவின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருந்தபோது, "சும்மாத்தான குந்திக்கினு கெடக்குற, காலையில ஏழு மணிக்குப் போயி புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடேன், புண்ணியமாப் போவும்" என்று அவள்தான் சொன்னாள். என் படிப்பின் மேல் அவளுக்கு இவ்வளவு மதிப்பா என்று கண் கலங்கினேன். தெருப் பெண்களிடமும் அவளே சொல்லிவைத்தாள். முதல் நாளே நாற்பத்து மூன்று பேர்! பெஞ்சு போதாமல் ஜன்னலில் ஏறி உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்புக் கனகம் தன் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தாய்மார்களே வாசல்வரை வந்து, "சீக்கிரம் வுட்றாதீங்க சார்" என்று கெஞ்சினார்கள். நானும் உற்சாகமாகத் தொட்டிக் கணக்கை எடுத்தேன். ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் ஐந்து மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்? எட்டு மணி நேரம் என்று பலகையில் எழுதினேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள், கைக்குழந்தை உட்பட.

இதைப் பார்த்த தலைமை ஆசிரியர் குஞ்சிதபாதம், "தம்பி, இங்க ஒரு வாத்தியார் வேலை காலியா இருக்கு. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கினு வர்றேன். இந்தக் கூட்டத்தை அவர் ஒரு தரம் கண்ணால பாத்தாப் போதும், நீ பர்மனெண்ட்டு" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நேற்றுத்தான் அந்தத் திங்கட்கிழமை. மாமாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் வந்தார். வகுப்பில் நானும் ஒரு நாயும் இருந்தோம். "பிள்ளைகள் எங்கே?" என்றார். "வந்துக்கினே இருக்காங்க சார்" என்றேன். ஒன்பது மணிவரை வந்துக்கினே இருந்தார்கள். நாயும் எழுந்து போய்விட்டது. இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு கிளம்பினார். தலைமை ஆசிரியர் என்னைத் திட்டவில்லை, என்னிடம் இருந்த வகுப்புச் சாவியை நாளை மறுநாள் கொடுத்தால் போதும் என்றார். திட்டியிருக்கலாம்.

வெளியே வந்தால் தெருவில் அத்தனை பேரும் கோலி ஆடுகிறார்கள். சின்னதுரை என்ற பையனைப் பிடித்து ஏன் வரவில்லை என்று கேட்டேன். "இந்த வாரம் எல்லார் அப்பாவும் மொத ஷிப்டு சார். வூட்ல யாரும் தூங்கல. அப்புறம் எதுக்கு சார் நாங்க வரணும்?" என்றான். இந்தத் தெரு ஆட்கள் எல்லோரும் மைன்ஸில் ஒரே ஷிப்டாம். போன வாரம் நைட் ஷிப்டு. விடிந்து வந்து படுக்கிறவர்கள் தூங்குவதற்காகப் பிள்ளைகளை ஓட்டிவிட்டிருக்கிறார்கள். நான் நடத்தியது வகுப்பில்லை அப்பா, ஆட்டுப்பட்டி.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் முறையிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீயி இண்டர்வியூவுக்குன்னு இங்கிலீசை ராகம் போட்டுப் படிச்சிக்கினு இருந்தா ஒங்க மாமா எப்புடிடா தூங்குவாரு?" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, ஓட்டிவிடப்பட்டவர்களில் நாற்பத்து நான்காவது ஆள் நான். அழுகையே வந்துவிட்டது. சட்டை மாமாவுடையது என்பதால் அதில் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

பர்மனெண்ட் ஆகாமல் நம் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று நான் சபதம் போட்டதை நீங்களும் மறந்துவிடவும். வெள்ளிக்கிழமை வடலூர் வழியாக வரும் பஸ்ஸில் வருகிறேன். படித்தது போதும், தோப்பைப் பார் என்று நீங்கள் சொன்னபோதே கேட்டிருக்கலாம். இனி முந்திரிக் கொட்டையை எண்ணச் சொன்னால்கூட எண்ணுகிறேன், தப்பாக எண்ணினால் பொறுத்துக்கொள்ளவும். அம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லவும், இந்தக் கடிதத்தைச் சொல்ல வேண்டாம்.

தங்கள் ஆசியைத் தவிர வேறு கையிருப்பு இல்லாத மகன்,
கொளஞ்சிநாதன்.

பின்குறிப்பு: புதன் காலை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தையும் தபாலில் போடலாம் என்று ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போனேன். கனகம் படியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் தம்பி இல்லை. "ஒங்கப்பா தூங்குறாரா?" என்றேன். "இல்லீங்க சார், வேலைக்குப் போயிட்டாரு. திங்கக்கெழம வரைக்கும் கணக்கு முடியல, நேத்து வந்தேன், பூட்டியிருந்துச்சு" என்று சிலேட்டை நீட்டினாள். "நீங்க மூணையும் அஞ்சையும் கூட்டிட்டீங்க சார். எட்டு மணி நேரம் ஷிப்டுக்குத்தான். தொட்டி ஏழரை மணி நேரத்துலயே நெறைஞ்சிடும்."

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன் அப்பா. ஏழரைதான். நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி விழித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நாளைக்கு அடுத்த கணக்கு வேண்டுமாம். ஆகையால் வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. பரணில் என் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கிடக்கும், அதை உடனே அனுப்பவும். கடைசியில் விடைப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்பவும்.