எஃப்-டூ அண்ணாச்சியின் தெப்பக்குளம்

எங்கள் எஃப்-டூ அண்ணாச்சி அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஃபைலை மரியாதையாக நடத்திய மனிதர் மதுரைக்குத் தெற்கே கிடையாது. வடக்கேயும் இருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எனக்கு அந்தப் பக்கம் அவ்வளவாகப் பழக்கமில்லை.

திருத்தங்கலில் ஒரு ஆஃப்செட் அச்சகம். அதன் டிசைன் அறையில் நானும் அண்ணாச்சியும், எங்கள் இருவரையும் விட அதிகம் சத்தம் போடும் ஒரு ஏ.சி.யும். காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும்தான் எங்கள் பிழைப்பு. காலையில் முருகன், மத்தியானம் சங்குசக்கரம், சாயங்காலம் மறுபடியும் முருகன் என்று பொழுது போகும். டிசைன் செய்வது நான். வந்த படங்களையும் முடிந்த டிசைன்களையும் கம்ப்யூட்டரில் ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுப்பது அறுபதைத் தாண்டிய அண்ணாச்சி. கீபோர்டில் எஃப்-டூ என்ற பொத்தானை அழுத்தினால் ஃபைலின் பெயரை மாற்றலாம். மனிதர் நாள் முழுக்க அதை அழுத்திக்கொண்டே இருப்பார். சொந்தப் பெயர் என்னவென்று சம்பளம் போடுகிறவருக்கே சந்தேகம்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஃபைலுக்கு 'முருகன் நல்லது' என்று பெயர் வைத்தேன். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அப்ப மத்த முருகனெல்லாம் கெட்டதா தாயி?"

"அப்படி இல்ல அண்ணாச்சி. இதுதான் நல்லா வந்திருக்கு, அதான்."

"நாளைக்கு நீங்க லீவு போட்டா, எந்த முருகன் நல்லவருன்னு நான் யாருட்டக் கேக்க? பேருன்னா அடுத்த ஆளு தேடுற மாதிரி வைக்கணும்."

அவர் கணக்குப்படி முதலில் சாமி, பிறகு ஊர், பிறகு கடை, பிறகு வருடம். நூறு ஃபைல் இருந்தாலும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எஃப்-டூவைத் தட்டி ஒரே பெயரைக் கொடுப்பார். அதுவே வரிசையாக எண் போட்டுக்கொள்ளும். எல்லாம் சரிதான், ஆனால் அகர வரிசையில் அம்மன் முன்னால் வந்து பிள்ளையார் எங்கோ நடுவில் மாட்டிக்கொண்டார். அண்ணாச்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைப் போட்டு முதலிடத்தில் உட்கார வைத்தார். சாமிக்கு முன்னால் பூஜ்யமா என்று மறுநாள் அவருக்கே உறுத்தி, எல்லாவற்றையும் திருத்தி ஒன்று போட்டார். அவ்வளவையும் திருத்தி முடிக்க அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்தான் ஆனது.

மவுஸைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. நான் மவுஸைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தாலே பல்லைக் கடிப்பார்.

"ஒரு ஃபைல எடுக்க எதுக்கு இம்புட்டுத் தூரம் கைய இழுக்கீக? பேரோட மொத எழுத்தத் தட்டுங்க, அதுவா வந்து நிக்கும்."

"எனக்கு இப்படித்தான் அண்ணாச்சி வரும்."

"வரும், வரும். கைவலியும் வரும்."

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் என் மவுஸைக் காணோம். அண்ணாச்சி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிசைன் செய்கிற நேரத்துக்கு மட்டும் கையில் கொடுப்பார். ஃபைல் தேட வேண்டுமென்றால் பிடுங்கிக்கொள்வார். திரையில் இடது பக்கம் ஒரு ஜன்னல், வலது பக்கம் ஒரு ஜன்னல், இதிலிருந்து எடுத்து அதில் போடு, மேலே ஏற ஆல்ட்டோடு அம்புக்குறி என்று வாத்தியார் போல விரட்டினார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு மாதத்தில் என் வேலை பாதி நேரத்தில் முடிந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது.

இனிமேல்தான் தெப்பக்குளம் வருகிறது. பழைய சாமி காலண்டரை நம் வீடுகளில் யாராவது குப்பையில் போடுவார்களா? மரத்தடியில் வைப்போம், இல்லை குளத்தில் விடுவோம். கம்ப்யூட்டரிலோ, வேண்டாத ஃபைலெல்லாம் திரையின் மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். காளியம்மனைக் குப்பைத்தொட்டியில் போட அண்ணாச்சிக்குக் கை வரவில்லை. யோசித்தார். குப்பைத்தொட்டி மேலேயே எஃப்-டூவைத் தட்டி 'தெப்பக்குளம்' என்று பெயரை மாற்றிவிட்டார். அதன் பிறகு சாமிகளை நிம்மதியாக அதில் விட ஆரம்பித்தார். போட்டது தானாக அழிந்துவிடாதபடி குளத்தின் கொள்ளளவையும் முடிந்த மட்டும் ஏற்றி வைத்தார். ஆனால் அதைக் காலி மட்டும் செய்ய மாட்டார். குளத்தில் விடுவதோடு தன் பொறுப்பு முடிந்தது, அதற்கு மேல் ஆத்தா பாடு என்பார்.

ஆத்தாவோ அங்கேயே இருந்தாள். வருடக் கணக்கில் சாமிகள் சேர்ந்து, குளம் ததும்பி, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் எள் போட இடமில்லை. அதுவும் எப்போது? ஆடிப் பதினெட்டுக்கு முன்னால். அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை எங்கள் ஊரில் வெளியிடுவார்கள். அன்று ஆல்பம் கையில் இல்லாத கம்பெனியை எந்தக் கடைக்காரரும் எட்டிப் பார்க்க மாட்டார். நான் முடித்த ஆல்பம் மறுநாள் சாயங்காலம் அச்சுக்கான பிளேட் எடுக்கப் போக வேண்டும். சேமிக்கப் போனால், இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது.

விருதுநகரிலிருந்து சர்வீஸ்காரர் பைக்கில் வந்தார். பார்த்தார். "இந்தத் தெப்பக்குளத்தக் காலி பண்ணுனாப் போதும் சார்" என்றார். விவரம் கேட்டு வந்து நின்ற அச்சக முதலாளி, எஃப்-டூ அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னால ஏலாது மொதலாளி" என்றார் அண்ணாச்சி.

"ஏன் ஏலாது? லட்சுமி வெடியை ஊரே கொளுத்துது. சுக்குநூறாப் போவுது. அதுக்கு இல்லாத பாவம் இதுக்கா?"

"கொளுத்துறது ஊர்க்காரன் கை. இது ஏங் கை."

"அப்ப ஒரு புது டிஸ்க்கு மாட்டிரலாம் சார்" என்று சர்வீஸ்காரர் இடையில் வாயைக் கொடுத்தார். "போன வருசம்தான்யா ஒண்ணு வாங்குனேன்" என்று முதலாளி அவர் மீது பாய்ந்தார். பாய்ந்த வேகத்திலேயே அண்ணாச்சியிடம் சொல்லக் கூடாத அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டார்.

"அழிச்சா இங்கன இருங்க. அழிக்கலேன்னா பெங்களூருக்கு மக வீட்டுக்குப் போயிருங்க. ரெண்டுல ஒண்ணு."

அண்ணாச்சிக்கு மனைவி தவறி நாளாகிவிட்டது. மகள் கூப்பிடாத மாதமில்லை. ஒரு தடவை போய் மூன்றாம் நாளே திரும்பி வந்தவர் என்னிடம், "அங்கன போயி நான் என்னம்மா செய்ய? அவுக வீட்டுல எல்லாமே அது அது எடத்துல இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு மிச்சமிருந்தது இந்த அறை ஒன்றுதான். அப்படியும் எழுந்து, "சரி மொதலாளி" என்று நாற்காலியை விட்டு நகர்ந்து நின்றார்.

"நானே அடிக்கேன்" என்று முதலாளி உட்கார்ந்தார். காலி செய்யும் பொத்தானை அழுத்தினார். இவ்வளவையும் நிரந்தரமாக அழித்துவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. திரையில் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாகப் பொடிப் பொடிப் படங்கள். முதல் வரிசையிலேயே இருக்கன்குடி மாரியம்மன், முதலாளி குடும்பத்தோடு போய் வருடா வருடம் பொங்கல் வைக்கிற ஆத்தா. விரல் அந்தரத்தில் நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ அடி" என்றார் என்னிடம்.

"எங்க நாத்தனாருக்கு இந்த வாரம் பிரசவம் மொதலாளி. என்னைய விட்ருங்க."

"தள்ளுங்க சார். நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சர்வீஸ்காரர் தைரியமாகக் கையை நீட்டினார். நீட்டியவர் குனிந்து பார்த்தார். கீழ் வரிசையில் நீலச் சேலையோடு மாதா. அண்ணாச்சியின் குளத்தில் யாருக்கும் பேதமில்லை. நீட்டிய கையை அப்படியே பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, "ஒரு டீ சாப்பிட்டு வந்திருதேன்" என்றார்.

முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எளவு, நாளைக்கு வாரப்ப அந்த டிஸ்க்கக் கொண்டாந்து தொலைங்கய்யா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி குளித்து, விபூதி பூசி, வெளுத்த வேட்டியில் வந்தார். "அழிக்கிறது வேற, எடம் மாத்துறது வேற. கும்பாபிசேகத்துக்கு முன்ன சாமிய பாலாலயத்துல கொண்டு போயி வைக்கதில்லையா? அது மாதிரிதான் இது" என்றபடி, சர்வீஸ்காரர் கொண்டு வந்த புது டிஸ்க்குக்குப் பொட்டு வைத்தார். இடது பக்கம் தெப்பக்குளம், வலது பக்கம் டிஸ்க். கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி. சாமிகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாதி தூரம் வந்திருக்கும். மணி பத்தரை. அண்ணாச்சி வேலையை நிறுத்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

முதலாளி ஓடி வந்தார். "ஏன் நிக்குது?"

"ராகு காலம்."

"ராகு காலம்னா பஸ்ஸெல்லாம் நடுரோட்டுல நிக்குதா அண்ணாச்சி?"

"பொறப்பட்ட பஸ்ஸு வேற மொதலாளி. இவுக இன்னும் ஏறிக்கிட்டே இருக்காக."

"இன்னைக்குப் பத்தரைக்கு ராகு காலம்னு எவன் சொன்னான்?"

அண்ணாச்சி சுவரில் தொங்கிய தினக் காலண்டரைக் காட்டினார். "நாமதான மொதலாளி அச்சடிச்சோம்."

முதலாளி கிட்டப் போய் அதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பன்னிரண்டு மணி வரை மெஷின் ரூமுக்கும் டிசைன் ரூமுக்குமாக நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். பன்னிரண்டு அடித்ததும் மிச்ச சாமிகள் ஏறினார்கள். குளம் காலியானது. நான் ஆல்பத்தைச் சேமித்தேன். நாலு மணிக்கெல்லாம் அது பிளேட்டுக்குப் போய்விட்டது. சர்வீஸ்காரர் எல்லோருக்கும் தன் செலவிலேயே வடை வாங்கி வந்தார்.

வடையைக் கடித்துக்கொண்டே திரும்பினால், அண்ணாச்சி கீபோர்டைக் கழற்றி, வயரைச் சுற்றி, ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கன கெளம்பிட்டீக?" என்றார் முதலாளி.

"நான் அழிக்கலையே மொதலாளி. ரெண்டுல ஒண்ணுன்னு சொன்னீகள்ல. மக வீட்டுக்குத்தான்."

முதலாளி சுவரைப் பார்த்தார். ஏ.சி.யைப் பார்த்தார். அவரும் சொன்ன சொல்லை வாபஸ் வாங்கிப் பழக்கமில்லாத மனிதர்.

"போறதுன்னா போங்க. அந்தக் கீபோர்டை எங்க கொண்டு போறீக? அது கம்பெனி சாமான்."

அது கம்பெனி சாமான் இல்லை. மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், கடை கடையாகத் தட்டிப் பார்த்து, அண்ணாச்சி சொந்தக் காசில் வாங்கியது. அது எனக்குத் தெரியும், முதலாளிக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

அண்ணாச்சி பையோடு அப்படியே நின்றார்.

"அத இங்கன வச்சிட்டு, நீங்க மட்டும் அங்கன போயி என்ன செய்வீக?" என்றார் முதலாளி.

அண்ணாச்சி பையிலிருந்து கீபோர்டை எடுத்து, மேஜையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை நகர்த்திப் பார்த்தார். நான் வயரைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்து சொருகினேன். சொருகி முடித்த பிறகும் வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மனுஷர் இல்லாத அறையில் ஒரு நாள்கூட உட்கார எனக்கு இஷ்டமில்லை என்பது என் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.