ஒற்றைச் சக்கரத்துக்கு ஒரு பூசை

வண்டி ஓட்டத் தெரியாமல் வண்டி வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓட்டத் தெரிந்து, ஏறவும் இறங்கவும் தெரியாமல் வாங்கியவள் நாமக்கல்லில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மகன் ஆசைப்பட்டானே என்று வாங்கிய ஒற்றைச் சக்கர சைக்கிள் அது. கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய், அதைப் போட்டுவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சும்மா கிடக்கிறதே என்று மொட்டைமாடிச் சுவரைப் பிடித்து நான் பழகினேன். (நாற்பது வயதுக்குமேல் வந்த புத்தி!) நாளெல்லாம் முட்டை வியாபாரிகளின் போனுக்குப் பதில் சொல்கிற உத்தியோகம் எனக்கு. காலையில் அதில் ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் மனசு லேசாக இருக்கும்.

ஒருநாள் டீக்கடை வளைவில் இடது பெடல் உடைந்து காலோடு வந்துவிட்டது. நான் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தேன். லாரி பாடி கட்டும் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினால், வெல்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்த வெச்சாலும் நிக்காதுங்க. பேசாம பெருசா ஒண்ணு வாங்கிக்குங்க. இத்தனூண்டு சக்கரத்துல எவ்வளவு மிதிச்சாலும் எங்கீங்க போய்ச் சேர்றது?"

அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஆன்லைனில் வந்து இறங்கிய சக்கரம் என் இடுப்பு உயரம். கணவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். "ஒரு சுத்து உழாம ஓட்டிக் காட்டு, ஊட்ல இருக்கட்டும். உழுந்தீன்னா வந்த பொட்டியிலயே திரும்பப் போயிரும்" என்றார். அந்தக் காலைச் சுற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

"பூசை போடாம புது வண்டிய எடுக்கறதா? வெள்ளிக்கெழம பிள்ளையார் கோயல்ல வெச்சே ஓட்டிக் காட்டட்டும் சாமி" என்று மகனிடம் சொன்னார் மாமியார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பின்னால் ஒரு புது லாரி பூசைக்குக் காத்திருந்தது. பூசாரி வழக்கம்போல் கை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"மத்த சக்கரமெல்லாம் எங்கீங்க அம்மணி?"

"இவ்வளவுதானுங்க."

ஒரு பழத்தைச் சக்கரத்தின் முன்னால் வைத்துவிட்டு, கற்பூரத்தைக் காட்டி, "எடுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய சக்கரத்தில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏற முடியும். சுவர் தூரத்தில் இருந்தது. பூசாரி பக்கத்தில் இருந்தார். அவர் தோளைப் பிடித்து ஏறி மிதித்தேன். பழம் நசுங்கி வண்டி குலுங்கியதில் பிடி இன்னும் இறுகியது. சக்கரம் உருண்டது, பூசாரியும் கூடவே வந்தார்.

"அம்மணி, உடுங்க!"

"உட்டா உழுந்துருவனுங்க!"

"உடலீன்னா நான் உழுந்துருவனுங்க!"

ஒரு கையில் கற்பூரத் தட்டு, ஒரு கையில் வேட்டி என்று அவர் ஓட, கோயிலை முழுசாக வலம் வந்தோம். வழியில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கூடவே ஓடிவந்து கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் தோளை நான் விடவில்லை. கடைசியில் அந்தப் புது லாரிமேல் சாய்ந்து நின்றேன். விழவில்லை. கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி, ஊட்லயே இருக்கட்டும்" என்றார்.

லாரிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க, எங்க வண்டிக்கும் பூசாரி இப்படிக் கூட ஓடி வருவாருங்களா?"

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பூசாரி வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "புது வண்டின்னா அப்படித்தானுங்க."

பூசாரி லாரியோடும் ஓடினார்.

எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் வீட்டில் இந்தக் கதைதான். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கோழித் தீவனம் ஏற்ற டெம்போ வாங்கினார். நாங்களும் போயிருந்தோம். பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். சேலத்திலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு மாப்பிள்ளை, "இதென்ன மாமா புது வழக்கம்?" என்று கேட்டார்.

"புதுசெல்லாம் இல்லீங்க மாப்ள" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்தே இப்படித்தானுங்க."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.